பின்னால் வருகிறவன்

ஜூன் 10, திங்கள்

இந்த நோட்டு ஷமீலா மேடம் கொடுத்தது. மேடம் இன்ஜினியரிங் காலேஜில் பாடம் நடத்துகிறவர். டவுன் பஸ்கள் ஏன் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே வருகின்றன என்று ஆராய்ச்சி செய்கிறாராம். ஒவ்வொரு நடைக்கும் எந்த ஸ்டாப்பை எத்தனை மணிக்குத் தாண்டினோம், முன்வண்டி எப்போது போனது, பின்வண்டி எப்போது வந்தது என்று நான் குறித்து வைக்க வேண்டும். ஏழு வண்டியில் ஏழு கண்டக்டர் இருக்க, இந்தப் பாவியை ஏன் பிடித்தீர்கள் என்று கேட்டேன். நீங்கள்தான் அதிகம் பேசுகிறீர்கள் என்றார். ஆறாவதோடு நின்றவன், பேசுகிற வேகத்துக்கு எழுத வராது என்றேன். இடது பக்கத்தில் நேரத்தை மட்டும் எழுதுங்கள், அதைப் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும், வலது பக்கம் உங்கள் சொத்து, என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள் என்றார்.

இது வலது பக்கம்.

பெயர் அடைக்கலராஜ். வயது நாற்பத்தொன்பது. 'மலர்விழி' வண்டியில் இருபத்திரண்டு வருஷமாகக் கண்டக்டர். திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் கிளம்பி மெயின் கார்டு கேட், பாலக்கரை, சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டு வழியாக கே.கே.நகர். வெவ்வேறு முதலாளிகளின் ஏழு வண்டிகள், பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒன்று. அதாவது அப்படி வர வேண்டும். நாங்கள் மூன்றாவது வண்டி. நாலாவது 'சௌந்தரம்'. அதன் கண்டக்டர் காஜா, டிரைவர் மருதை.

மருதையண்ணன் பதினெட்டு வருஷம் மலர்விழியைத்தான் ஓட்டினார். இப்போது சௌந்தரத்தை ஓட்டுகிறார். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இன்று ஒரு அம்மா பலாப்பழத்தோடு ஏறி, பழத்தைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்தார். அவருக்கும் டிக்கெட் எடுத்துவிடுங்கள், செக்கிங் வந்தால் பதில் சொல்ல அவருக்கு வாய் கிடையாது என்றேன். பஸ்ஸே சிரித்தது. அந்த அம்மா மட்டும் முறைத்தார்.

ஜூன் 11, செவ்வாய்

என் மனைவி லூர்து ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கச் சொன்னாள். நறுக்கினேன். விரலெல்லாம் எரிச்சல். டிக்கெட் கிழிக்கும்போதெல்லாம் லூர்து ஞாபகம்.

ஜூன் 13, வியாழன்

மேடம் இன்று எங்களோடு மூன்று நடை வந்தார். வந்த அன்றே நல்ல காட்சி.

மெயின் கார்டு கேட்டில் ஒருத்தி மூன்று குழந்தை, நாலு பை, ஒரு மடக்குக் கட்டிலோடு ஏறினாள். ஏறி முடிக்க ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்தில் பாலக்கரையில் ஐந்து பேர் அதிகமாகச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களை ஏற்ற இன்னொரு நிமிஷம். சென்ட்ரல் போனபோது ஆறு நிமிஷம் தாமதம், படியில் தொங்கல். பின்னால் சௌந்தரம், ஏற்ற ஆளில்லாமல் காலி வண்டியாக எங்கள் முதுகைத் தொட்டுக்கொண்டு வருகிறது. அவர்கள் ஆளையெல்லாம் நாங்கள் அள்ளிக்கொண்டோம் என்று காஜா ஜன்னல் வழியே கத்தினான். நாங்கள் நொண்டுகிறோமா நீங்கள் பறக்கிறீர்களா என்று நானும் கத்தினேன். இருபத்திரண்டு வருஷமாக இதே சண்டைதான். வருஷத்துக்கு ஒரு முறை சட்டை கிழியும்.

கே.கே.நகர் டீக்கடையில் மேடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"இதுல யார் மேலயும் தப்பு இல்லைங்க. ஒரு வண்டி ஒரு நிமிஷம் பிந்தினா அதுவே அத இன்னும் பிந்த வைக்கும். பின்வண்டிக்கு ஆள் குறையும், அது முந்தும். நீங்க எல்லாரும் நல்லவங்களா இருந்தாலும் ஒட்டிக்கிட்டுத்தான் வரும். ஏழு வண்டியும் சேர்ந்து இருக்கிற விதமே அப்படி."

இன்னொரு தடவை சொல்லுங்கள் மேடம் என்றேன். சொன்னார். கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டு முதல் வரியை இன்னொரு தடவை என்றேன். பரீட்சைக்கா மனப்பாடம் செய்கிறீர்கள் என்று சிரித்தார்.

வீட்டில் வந்து லூர்துவிடம் ஒப்பித்தேன். அவள் அரிசி களைந்துகொண்டே, "யார் மேலயும் தப்பில்லைன்னு சொல்றதுக்கு காலேஜ் வச்சு நடத்தணுமா? ஜெயில்ல இருக்கிறவன் எல்லாம் அதத்தான சொல்றான்" என்றாள்.

ஜூன் 19, புதன்

முதலாளிகள் சங்கம் ஏதோ கம்பெனியைப் பிடித்து ஏழு வண்டியிலும் ஒரு பெட்டி மாட்டியிருக்கிறது. வானத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருக்குமாம். டைமிங்கில் போனால் பச்சை விளக்கு. பிந்தினால் சிவப்பு, கூடவே காதுக்குள் கொசு புகுந்த மாதிரி ஒரு சத்தம். எங்கள் டிரைவர் முரளி முப்பத்தைந்து வயசுக்காரன், எதையும் நம்புவான். பெட்டிக்குச் சந்தனம் வைத்துப் பூப்போட்டான்.

என் பேத்தி பிறந்தபோது என் அக்கா உதட்டைப் பிதுக்கிப் பார்த்தது போல மேடம் பெட்டியைப் பார்த்தார். இது தேறாது என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

ஜூன் 22, சனி

கொசுச் சத்தம் தாங்காமல் முரளி ஸ்டாப்பில் நிற்பதை நிறுத்திவிட்டான். பாலக்கரையில் இருபதடி தள்ளி மிதித்து, ஓடி வந்தவர்களில் வேகமாக ஓடுகிறவர்களை மட்டும் ஏற்றினோம். சாப்பாட்டுப் பையோடு ஓடி வந்த பெண் ஒருத்தி கையிலிருந்த செருப்பைத் தூக்கிக் காட்டினாள். ஏழு வண்டியும் இதே கதை. பத்தரை மணிக்கு ஏழு பெட்டியிலும் பச்சை விளக்கு. சென்ட்ரலில் ஜனம் ரோட்டில் உட்கார்ந்துவிட்டது.

கம்பெனிக்காரர் வந்து எல்லா வண்டியும் சரியான நேரத்தில்தான் ஓடுகிறது, பெட்டி பொய் சொல்லாது என்றார். எல்லாரையும் ரோட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாமென்றால் நான் ஏரோப்ளேன்கூட ஓட்டுவேன் சார் என்றேன். அவர் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை பெட்டியைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். முரளிக்குத்தான் வருத்தம், பூ வாடவில்லையாம்.

ஜூன் 25, செவ்வாய்

மேடம் டீக்கடை பெஞ்சில் லேப்டாப்பை விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். மற்ற ஆறு வண்டியும் கே.கே.நகரிலிருந்து இஷ்டத்துக்குக் கிளம்புகிறதாம். மலர்விழி மட்டும் பின்வண்டியோடு ஒட்டாமல், ரொம்பவும் விலகாமல் கிளம்புகிறதாம். எப்படிச் செய்கிறீர்கள் என்றார்.

டீ குடிக்கிறேன் மேடம் என்றேன்.

ஒருநாள் இரண்டு நிமிஷம் நிற்கிறீர்கள், ஒருநாள் பதினொரு நிமிஷம். பதினொரு நிமிஷத்துக்கு என்ன டீ என்றார். அன்றைக்கு வடையும் உண்டு என்றேன்.

அவர் என்னுடைய இடது பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சௌந்தரம் அந்த வளைவுல திரும்புறப்ப நீங்க கிளம்புறீங்க. தினமும். ஒரு நடை கூடத் தப்பல."

இன்றைக்குச் சர்க்கரை கம்மி என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

வளைவில் ஒரு டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. சௌந்தரம் அதைச் சுற்றித் திரும்பும்போது முன்கண்ணாடியில் மருதையண்ணன் முகம் தெரியும். ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கை வளைத்துக்கொண்டே மற்றக் கையால் மீசையைத் தடவுவார். இரண்டு கையாலும் பிடியுங்கள் அண்ணே, மீசை எங்கேயும் ஓடிவிடாது என்று பதினெட்டு வருஷம் சொன்னேன். கேட்டதில்லை. அதைப் பார்த்துவிட்டு முரளிக்கு இரண்டு விசில் கொடுப்பேன். அவர் வந்து நிற்பதற்குள் நாங்கள் போய்விடுவோம். அவர் சௌந்தரத்துக்கு வந்த நாளிலிருந்து, எட்டு மாதமாக.

இதை ஆராய்ச்சியில் எழுத முடியுமா.

ஜூன் 28, வெள்ளி

மேடம் இதைக் கம்ப்யூட்டரில் ஏழு புள்ளிகளாக ஓடவிட்டுப் பார்த்தாராம். நான் செய்கிறதுதான் வழியாம். டைமிங் அட்டை வேண்டாம், பெட்டி வேண்டாம், மேலேயிருந்து ஓட்டுகிற ஆபீசரும் வேண்டாம். கே.கே.நகர் வந்து சேர்ந்ததும் பின்னால் வருகிறவனுக்குப் போன் போட்டு எங்கே வருகிறாய் என்று கேட்க வேண்டும். அவன் வர எட்டு நிமிஷம் ஆகுமென்றால் நாலு நிமிஷம் நின்றுவிட்டுக் கிளம்ப வேண்டும். அவன் பக்கத்தில் இருந்தால் உடனே ஓடு, தூரத்தில் இருந்தால் உட்கார். அவ்வளவுதான். ஒவ்வொருவனும் தனக்குப் பின்னால் வருகிறவனை மட்டும் கவனித்துக்கொண்டால் ஏழு வண்டியும் தானாகவே சரியான இடைவெளிக்கு வந்துவிடுமாம். முதலாளிகள் சங்கம் இரண்டு வாரம் பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டது.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. உலகத்தையே மாற்றப்போகிற கண்டுபிடிப்பு என் வயிற்றிலிருந்து, அதுவும் உளுந்து வடையிலிருந்து வந்தது என்று சத்திரம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

பிறகுதான் உறைத்தது. பாதி நேரத்தில் கிளம்பினால் சௌந்தரம் வளைவுக்கே வந்திருக்காது.

மேடத்துக்குப் போன் செய்து, முழு நேரமும் நின்றால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்டேன். முழு நேரம் நின்றால் இருக்கிற இடைவெளி அப்படியே இருக்கும், கோணல் கோணலாகவே நிற்கும், பாதியில் கிளம்பினால்தான் கோணல் நிமிரும் என்றார். புரிந்தது என்றேன்.

ஜூலை 1, திங்கள்

முதல் நாள். காஜாவுக்குப் போன் போட்டேன். "சென்ட்ரல் தாண்டிட்டோம்ணே, எட்டு நிமிஷம்" என்றான். அவன் குரலுக்குப் பின்னால் ஹார்ன் கேட்டது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை. ஊரில் அப்படி அடிக்கிறவர் ஒருவர்தான்.

நாலு நிமிஷத்தில் கிளம்பினோம். திரும்பிப் பார்த்தேன். டிரான்ஸ்பார்மர் மட்டும் இருந்தது.

ஜூலை 3, புதன்

நடக்கிறது. நம்ப முடியவில்லை. பூக்கட்டுகிறவள் விரல் அளந்து தொடுப்பது போல வண்டிகள் ஒன்றுக்கொன்று விலகி வருகின்றன. யாரும் யாரையும் முந்தவில்லை, யாரும் யாருடைய அம்மாவையும் இழுக்கவில்லை. பாலக்கரையில் செருப்பைக் காட்டிய பெண் இன்று உட்கார்ந்து வந்தாள். செருப்பு காலிலேயே இருக்கிறதே, என்மேல் அன்பு குறைந்துவிட்டதா என்று கேட்டேன். டிக்கெட்டைக் கொடுங்கண்ணே என்றாள்.

போன் பேசும் நேரத்தை நான் கொஞ்சம் நீட்டுகிறேன். எங்கே வருகிறாய் என்று கேட்டால் போதும். நான், சாப்பிட்டாயா, கூட்டம் எப்படி, வண்டியில் என்ன பாட்டு என்றெல்லாம் கேட்கிறேன். காஜா நல்ல பையன், எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறான். பின்னால் ஒரு இருமல் கேட்கிறது. பீடியை விட்டுவிட்டதாகச் சொன்னார்களே.

ஜூலை 6, சனி

இன்றும் பார்க்கவில்லை. நெத்திலிக் கருவாடு வாங்கினேன்.

ஜூலை 9, செவ்வாய்

காஜா இன்று போனை எடுத்துக் குரலைத் தாழ்த்தினான். எங்கே வருகிறோம் என்பதைச் சொல்ல வேண்டாமென்று டிரைவர் அண்ணன் சொல்லிவிட்டார் என்றான். போன் ஸ்பீக்கரில் இருந்ததாம். நான் நேற்று ஏதோ வேடிக்கை பேசி அவன் சிரித்தானாம். யார் போனில் என்று மருதையண்ணன் கேட்டிருக்கிறார். எனக்குப் பின்வண்டி அவருடையது என்றால் போன் போடுகிறவன் நான்தானே. அது அவருக்கு இத்தனை நாள் தோன்றவில்லையா, அல்லது தோன்றியும் பொறுத்துக்கொண்டாரா, தெரியவில்லை.

என்ன சொன்னார் என்று கேட்டேன். விடுங்கண்ணே என்றான் காஜா. நான் விடவில்லை.

"நான் கேட்டப்ப அவன் சொல்லல. இப்ப அவன் கேக்குறப்ப நான் எதுக்குச் சொல்லணும்னாருண்ணே."

கடைசி நடையில் யாரிடமும் வேடிக்கை பேசவில்லை. பல்வலியா என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

ஜூலை 11, வியாழன்

பின்வண்டி எங்கே என்று தெரியாமல் குருட்டாம்போக்கில் கிளம்புகிறோம். ஒரு நடை மலர்விழி சௌந்தரத்தோடு ஒட்டுகிறது, மறு நடை கால்மணி நேரம் விலகுகிறது. எங்கள் கோணல் முன்வண்டிக்குத் தொற்றி, பின்வண்டிக்குத் தொற்றி, ஏழும் பழையபடி ஆகிவிட்டது. இன்று மெயின் கார்டு கேட்டில் ஐந்தாவது வண்டி கண்டக்டரும் ஆறாவது வண்டி கண்டக்டரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் எந்தப் பகையும் கிடையாது. நாங்கள் ஆரம்பித்த சண்டையை அவர்கள் போட்டார்கள்.

திங்கட்கிழமை வரைதான் கெடு என்று சங்கம் சொல்லிவிட்டது. சரியாகவில்லை என்றால் பெட்டி திரும்ப வரும்.

மேடம் வந்து, மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில்தான் அறுந்திருக்கிறது, என்ன நடந்தது என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். யார் மேலும் குற்றம் சொல்வதற்காகக் கேட்கவில்லை என்றார். அந்த வார்த்தையைத்தான் போன மாதம் மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். இன்று அது இனிக்கவில்லை.

ஜூலை 12, வெள்ளி

எழுதிவிடுகிறேன்.

போன வருஷம் ஏப்ரல், காலை ஒன்பதே கால், பாலக்கரை. நான் பின்படியில். முன்படியில் ஒரு பெரியவர் இறங்கிக்கொண்டிருந்தார். பின்னால் சௌந்தரம் வந்துவிட்டது, அப்போது அதில் வேறு டிரைவர். அது எங்களை முந்தினால் சென்ட்ரல் கூட்டம் அவர்களுக்குப் போய்விடும். பின்படியைப் பார்த்தேன், முன்படியைப் பார்க்கவில்லை. இரண்டு விசில் கொடுத்தேன். மருதையண்ணன் வண்டியை எடுத்தார். பெரியவர் விழுந்தார். தொடையெலும்பு முறிந்தது.

போலீஸ் ஸ்டேஷனில், விசில் கொடுத்தாயா என்று என்னைக் கேட்டார்கள். பக்கத்தில் முதலாளி. டிரைவர் அவசரப்பட்டு எடுத்திருப்பார் என்று முதலாளி சொன்னார். மருதையண்ணன் என் பக்கம் திரும்பி, "அடைக்கலம் சொல்லட்டும்" என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை. டீ சொல்லு என்பது போலச் சொன்னார். நான் சொல்லிவிடுவேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

ஊரையே சிரிக்க வைக்கிற வாய் இது. அன்றைக்குத் திறக்கவில்லை. பொய் சொன்னேனா என்றால் பொய்கூடச் சொல்லவில்லை. தரையில் கிடந்த ஒரு குண்டூசியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவருக்கு லைசென்ஸ் ஆறு மாதம் போனது. முதலாளி வேலையைவிட்டு நிறுத்தினார்.

மகள் கல்யாணம் இருந்தது, அதனால் பயந்துவிட்டேன் என்று மேலே ஒரு வரி எழுதியிருந்தேன். மகள் கல்யாணம் அதற்கு முந்தின வருஷமே முடிந்துவிட்டது. அடித்துவிட்டேன்.

மேடம் சொல்வது சரிதான். ஏழு வண்டி ஒட்டிக்கொண்டு வந்தால் ஏதோ ஒரு கண்டக்டர் ஏதோ ஒரு காலையில் அவசரப்பட்டு விசில் கொடுக்கத்தான் செய்வான். அதற்கு யார் மேலும் தப்பில்லை. ஆனால் ஸ்டேஷனில் வண்டி எதுவும் என் முதுகைத் தொட்டுக்கொண்டு நிற்கவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து லூர்துவை வீட்டில் விட்டுவிட்டு அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். பதினைந்து மாதத்தில் இதுதான் முதல் தடவை. பாலக்கரையில் சந்துக்குள் இருக்கிறது வீடு. தையற்காரராம், பெயர் குப்புராஜ். இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடக்கிறார். மலர்விழி கண்டக்டர் என்றேன். உட்காரச் சொன்னார்.

"டிரைவர் தம்பி மாசாமாசம் வரும். ஆரஞ்சு வாங்கிட்டு வரும். கண்டக்டர் வரலியான்னு ஒரு நாள் கேட்டேன். அவன் ரொம்ப மனசு ஒடஞ்சு போயிட்டான்யா, ஒங்க மொகத்தப் பாக்க அவனால ஆகாது, வைய்யாதீங்கன்னுச்சு."

அவர் மகள் காபி கொடுத்தாள். டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். சூடு அதிகம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஜூலை 15, திங்கள்

கெடு நாள். பதினோரு மணிக்கு கே.கே.நகரில் சங்கத்து ஆட்கள், மேடம், நாலைந்து கண்டக்டர்கள், டீக்கடை முன்னால். நான் முரளியைக் கிளம்ப வேண்டாம் என்றேன். சௌந்தரம் வளைந்து வந்தது. மருதையண்ணன் இறங்கவில்லை. சீட்டிலேயே உட்கார்ந்து முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குக் கேட்க வேண்டுமென்பதால் நான் கத்த வேண்டியிருந்தது. இந்த மாதிரி விஷயத்தைக் கத்திச் சொல்வது எவ்வளவு அசிங்கம் என்று சொல்லும்போதுதான் தெரிந்தது.

"பாலக்கரையில பெரியவர் விழுந்தப்ப ரெண்டு விசில் குடுத்தது நான். டிரைவர் மேல தப்பு இல்ல. ஸ்டேஷன்ல கேட்டப்ப நான் வாயத் தொறக்கல."

நான் ஏதோ வேடிக்கை ஆரம்பிக்கிறேன் என்று நினைத்து ஒருவன் சிரித்தான். பிறகு நிறுத்திக்கொண்டான்.

மருதையண்ணன் இன்ஜினை அணைத்தார்.

"எனக்குத் தெரியாதா? ரெண்டு விசில் கேக்காம நான் என்னிக்குடா வண்டிய எடுத்திருக்கேன்? இவனுங்களுக்குத் தெரியணும்."

அந்த 'டா'வுக்காகப் பதினைந்து மாதம் காத்திருந்தேன் என்று அப்போது தெரியவில்லை, இப்போது எழுதும்போது தெரிகிறது. அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, கண்ணாடியைப் பார்த்துத்தான் சொன்னார். பிறகு காஜாவிடம், போன் வந்தால் எடுத்துச் சொல் என்றார். சாவியைத் திருப்பினார்.

அடுத்த நடையில் போன் போட்டேன். காஜா சொன்னான். மூன்று நிமிஷம் நின்றேன். கிளம்பினேன்.

ஜூலை 17, புதன்

கேஸ் இன்னும் கோர்ட்டில் இருக்கிறது. இதையெல்லாம் எழுதி வக்கீலிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். முதலாளி கூப்பிட்டு, கொஞ்ச நாள் வீட்டில் இரு என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். நானே சொல்லி அனுப்புகிறேன் என்றார். விசிலை மேஜைமேல் வைத்தேன். அது உன்னுடையதுதானே, எடுத்துக்கொண்டு போ என்றார்.

மத்தியானம் லூர்து மீன் குழம்பில் தலையை எனக்கு வைத்தாள்.

ஜூலை 29, திங்கள்

முரளி வந்து போனான். எல்லா வண்டியும் நன்றாக ஓடுகிறதாம். மலர்விழியில் புதுக் கண்டக்டர், பெயர் சாந்தகுமார், பேசவே மாட்டானாம். போன் போட்டு 'எங்கே' என்று ஒரு வார்த்தை கேட்பானாம், வைத்துவிடுவானாம். அது போதுமாம். மேடம் வெளியூரில் ஒரு கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசப்போகிறாராம். என் பெயரையும் சொல்வதாகச் சொன்னாராம். வடையையும் சொல்லச் சொல் என்றேன்.

நான் இல்லாமலும் நடக்கிறது. மேடம் அன்றே சொன்னார், ஒரு ஆளை நம்பி இருக்கிற எதுவும் நிலைக்காது, இது ஆளை நம்பி இல்லை, அதுதான் இதன் அழகு என்று. அழகுதான்.

காலை ஒன்பதே கால் ஆனால் கால் தானாக எழுந்து நிற்கிறது. லூர்து, "எந்த ஸ்டாப்பு இது, எறங்குறீங்களா?" என்கிறாள். என் தொழிலை அவள் எடுத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. ஊரே ஆற்றுக்குப் போகிறது. இந்தக் கூட்டத்தில் ஏழும் நிச்சயம் ஒட்டிக்கொள்ளும், பார்த்துவிடலாம் என்று மெயின் ரோட்டில் போய் நின்றேன். ஒட்டவில்லை. மூன்று வண்டி பார்த்துவிட்டு, நாலாவது வருவதற்குள் திரும்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

வக்கீல் சென்ட்ரல் பக்கம் வரச் சொன்னார். பாலக்கரை ஸ்டாப்பில் நின்றேன். பஸ்ஸுக்கு நின்று எத்தனை வருஷமாகிறது. முதல் வண்டி வந்தது, ஏறவில்லை. இரண்டாவது வந்தது, ஏறவில்லை. மலர்விழி வந்தது. முரளி ஹார்ன் அடித்துக் கூப்பிட்டான். வேறு பக்கம் போகிறேன் என்று கையைக் காட்டினேன். பக்கத்தில் நின்ற அம்மா, எந்த பஸ்ஸுக்குத்தான் தம்பி நிற்கிறாய் என்றார். கல்யாண பஸ்ஸுக்கு என்றேன்.

சௌந்தரம் வந்தது. முன்படி சரியாக என் காலுக்கு நேராக நின்றது. அவர் திரும்பவில்லை. ஏறினேன். காஜா பின்னாலிருந்து இரண்டு விசில் கொடுத்தான்.

வண்டி நகரவில்லை.

காஜா மறுபடியும் கொடுத்தான். நகரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். மேலே இருக்கிற கண்ணாடியில் மருதையண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கை கியரில், மற்றது ஸ்டியரிங்கில். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. கண்களுக்குக் கீழே தொங்கிவிட்டது, மீசையில் வெள்ளை அதிகமாகிவிட்டது. தூரத்து வளைவில் பார்த்தால் இதெல்லாம் தெரியாது.

"உக்காரு" என்றார்.

அவருக்குப் பின்னாலேயே ஒரு சீட் காலியாக இருந்தது. நான் உட்கார்ந்தால் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுத்துவிட்டு ரோட்டைப் பார்ப்பார். ஐந்தாவது வண்டி இந்நேரம் மெயின் கார்டு கேட்டைத் தாண்டியிருக்கும், நிற்கிற ஒவ்வொரு நொடியும் ஏழு வண்டிக்கும் கோணல் என்பது இந்த ஊரில் என்னைவிட யாருக்குத் தெரியும். தெரிந்தும், கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.